கேக் கெட்டால் கப்பைப் பாருங்கள்: கோளாறு வாரியாகக் கிராமுக்கு மாறும் வழி

கேக் சரியாக வரவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது ஓவன். அடுத்தது முட்டை. அதற்கும் அடுத்து, செய்முறையை எழுதிய புண்ணியவதி. மைதா அளந்த கப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை. பாளையங்கோட்டையில் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "அக்கா, ஓவன் கெட்டுவிட்டது போல" என்றுதான் தொடங்குகின்றன. விசாரித்துக்கொண்டே போனால் விஷயம் மைதா டப்பாவில் வந்து நிற்கும்.

கப் அளப்பது இடத்தை. அந்த இடத்தில் எவ்வளவு சரக்கு அடைபட்டது என்பது அள்ளுகிற கையைப் பொறுத்தது. எடைக்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனால் மாறும்போதே தவறான எண்ணை எழுதிக்கொண்டால், பழைய தவறு கிராம் கணக்கில் நிரந்தரமாகிவிடும். அதனால் கோளாறைப் பார்த்து, எந்தப் பொருளின் கணக்கு தப்பியது என்று கண்டுபிடிப்பதற்காக இதை எழுதுகிறேன். உங்கள் கேக்குக்கு என்ன நேர்ந்ததோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். கப்பைச் சோதிக்கும் வேலையை மட்டும் எல்லோரும் செய்துவிட்டுப் போங்கள்.

முதலில் கப்பைச் சோதியுங்கள்

காலிக் கப்பைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் உங்கள் கப்பின் கொள்ளளவு மில்லிலிட்டரில். தண்ணீருக்கு மட்டும் இரண்டும் ஒன்றே. டவுன் ரத வீதியில் வாங்கிய பிளாஸ்டிக் கப்பின் அடியில் என்ன எண் பொறித்திருந்தாலும் இந்தச் சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

அமெரிக்கச் செய்முறைகளின் கப் ஏறக்குறைய 240 மி.லி. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் 200. ஆஸ்திரேலியர்களின் மேசைக்கரண்டி 20 மி.லி., மற்றவர்களுடையது 15. வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் இருந்து, வெண்ணெயை 'ஸ்டிக்' கணக்கில் சொல்லியிருந்தால் அது அமெரிக்கச் செய்முறை. ஒரு ஸ்டிக் 113 கிராம்.

240 மி.லி. கப்புக்கு இந்த எண்களை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்: கரண்டியால் தளர்வாகப் போட்டு வழித்த மைதா 125 கிராம், சீனி 200, பொடித்த சீனி 120, ரவை 165 முதல் 170, கோகோ 85 முதல் 100, வெண்ணெய் 227, நெய் அல்லது எண்ணெய் 220, பால் 245, தேன் 340. உங்கள் கப் 250 என்றால் இவற்றோடு நூற்றுக்கு நான்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

"எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் எந்தக் கப்பானால் என்ன?" என்று கேட்பார்கள். பாதி நியாயம். மாவு, சீனி, பால், எண்ணெய் எல்லாம் ஒரே விகிதத்தில் கூடிக் குறையும். ஆனால் முட்டை எண்ணிக்கையில் வருகிறது. பேக்கிங் பவுடர் தேக்கரண்டியில் வருகிறது. கேக் டின்னின் அளவு மாறுவதே இல்லை. 240 கப்புக்கு எழுதிய செய்முறையை வீட்டில் இருக்கும் 200 மி.லி. டம்ளரால் அளந்தால் மற்றவை ஆறில் ஒரு பங்கு குறைகின்றன. மூன்று முட்டை மூன்றாகவே நிற்கும். முட்டை வாடை தூக்கலாக, ரப்பர் மாதிரி இழுபடும் கேக்குக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

உதிர்கிறது, தொண்டையை அடைக்கிறது, உச்சி வெடித்திருக்கிறது

மைதா கூடிவிட்டது. நான் பார்த்தவரை அதிகம் நடக்கும் கோளாறு இதுதான்.

கடையில் வாங்கிய மைதாவை டப்பாவில் கொட்டி, இடம் போதாமல் இரண்டு தட்டு தட்டி, மீதியையும் அமுக்கி மூடுகிறோம். பிறகு கப்பையே மண்வெட்டியாக்கி டப்பாவுக்குள் குத்தி எடுக்கிறோம். டப்பாச் சுவரில் கப்பை அழுத்தி மேலே மட்டம் செய்கிறோம். அந்தக் கப்பைத் தராசில் வைத்துப் பாருங்கள்: 145, சில கைகளுக்கு 150 கூட வரும். அதே மைதாவை முள்கரண்டியால் கிளறிவிட்டு, கரண்டியால் கப்பில் மெல்லப் போட்டு, கத்தி முதுகால் வழித்தால் 125. சலித்தபின் அளந்தால் 115 சுற்றி நிற்கும். இரண்டரைக் கப் கேட்கும் செய்முறையில் முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் 50, 60 கிராம் வித்தியாசம் வந்துவிடுகிறது. அது கிட்டத்தட்ட அரைக் கப் மைதா. அதற்கு ஈடாகப் பாலோ வெண்ணெயோ யாரும் சேர்ப்பதில்லை.

'சலித்த மைதா 1 கப்' என்றால் சலித்துவிட்டு அளக்க வேண்டும். 'மைதா 1 கப், சலித்துக்கொள்ளவும்' என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். இரண்டுக்கும் பத்துக் கிராம் இடைவெளி. நம் மொழியில் செய்முறை எழுதுகிறவர்கள் இந்த வரிசையைக் கவனித்து எழுதுகிறார்களா என்பது சந்தேகமே. அதனால் எண்ணை வேறு வழியில் சரிபார்ப்பது நல்லது.

வழி இருக்கிறது. வெண்ணெய் கேக்குகளில் மைதா, சீனி, வெண்ணெய், முட்டை நான்கும் எடையில் ஒன்றுக்கொன்று நெருங்கியே இருக்கும். பவுண்டு கேக் என்ற பெயரே நான்கிலும் ஒவ்வொரு பவுண்டு என்பதால் வந்தது. இரண்டு கப் மைதா, ஒரு கப் வெண்ணெய், ஒரு கப் சீனி, நான்கு முட்டை என்று எழுதியிருக்கிறதா? 250, 227, 200, 200. பொருந்துகிறது. குத்தி அள்ளினால் மைதா 300 ஆகிவிடும். மற்றவற்றிலிருந்து அது மட்டும் தள்ளி நிற்கும். கேக் கெட்டபின் தலையைச் சொறிவதற்குப் பதில், மாவு கலக்கும் முன் இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வெளிறிக் கிடக்கிறது, இனிப்பும் போதவில்லை

சீனியைப் பொடித்துவிட்டு அளந்திருப்பீர்கள். நமக்குக் கிடைக்கும் சீனி பருமனானது, எளிதில் கரையாது. அதனால் மிக்ஸியில் பொடிப்பது வழக்கம். ஒரு கப் சீனி பொடித்தபின் ஒன்றே முக்கால் கப்பை நெருங்கும். பொடித்ததில் ஒரு கப் மட்டும் எடுத்தால் 200 போடவேண்டிய இடத்தில் 120 போடுகிறீர்கள். சீனி குறைந்தால் இனிப்போடு போகாது: மேல்தோல் சிவக்காது, ஈரம் தங்காது, மறுநாளே கேக் காய்ந்துவிடும். சீனியை முழுதாக நிறுத்துவிட்டுப் பொடியுங்கள். எடையில் இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை.

முட்டை சேர்க்காத கேக்கில் கண்டென்ஸ்டு மில்க்கைப் பால் என்று எண்ணி 240 கிராம் ஊற்றுவதும் இதே கோளாறைத் தரும். அது கனமானது. 400 கிராம் டின்னில் ஏறக்குறைய 300 மி.லி.தான் இருக்கும், ஒரு கப் என்றால் 300 கிராமைத் தாண்டும்.

நடுவில் குழி விழுகிறது

மூன்று சந்தேகங்கள். வேகும் முன் ஓவனைத் திறந்தீர்களா என்பது அளவு சம்பந்தப்பட்டதல்ல. அதை உங்கள் மனசாட்சியிடம் விட்டுவிடுகிறேன்.

பேக்கிங் பவுடர் கூடியிருக்கலாம். 125 கிராம் மைதாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் தேக்கரண்டி போதும். இங்கே தேக்கரண்டி என்பது 5 மி.லி. அளவுக்கரண்டி, தலைதட்டியது. காப்பி கலக்கும் கரண்டியில் குவித்து எடுத்தால் இருமடங்கு வந்துவிடும். வாயுக்குமிழ்கள் அளவுக்கு மீறிப் பெருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து உடைந்து, மாவு இறுகும் முன்பே மேல்பகுதி அமுங்கிவிடுகிறது.

சீனி கூடினாலும் குழி விழும். மாவிலுள்ள ஸ்டார்ச்சும் முட்டையும் இறுகும் வெப்பநிலையைச் சீனி உயர்த்துகிறது. வெளியே வெந்து நடுப்பகுதி இறுகாமல் நிற்கும். பொடித்த சீனி ஒரு கப் கேட்ட இடத்தில் முழுச் சீனி ஒரு கப் போட்டால் 80 கிராம் அதிகம். முன் பகுதியில் சொன்ன தவறின் மறுபக்கம் இது.

மூன்றாவது, பாலோ தயிரோ கூடியது. திரவத்தைக் கப்பில் கண் மட்டத்தில் வைத்துப் பார்க்காமல் ஊற்றினால் அளவு தப்பும். தராசில் கிண்ணத்தை வைத்தபடியே ஊற்றினால் தீர்ந்தது.

சோப்பு வாடை, கறுத்த நிறம்

பேக்கிங் பவுடர் என்று சமையல் சோடாவை அதே அளவில் போட்டிருக்கிறீர்கள். சோடா மூன்று நான்கு மடங்கு வீரியமானது. 125 கிராம் மைதாவுக்குக் கால் தேக்கரண்டி, அதுவும் தயிர், எலுமிச்சை போன்ற புளிப்பு இருந்தால்தான்.

பிஸ்கட் தட்டில் பரந்து ஓடுகிறது

வெண்ணெய்க்குப் பதில் நெய்யைச் சம அளவில் போட்டீர்களா? வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதம் அளவில்தான். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். நெய் ஏறக்குறைய முழுக் கொழுப்பு. 100 கிராம் வெண்ணெய் கேட்டால் 80 கிராம் நெய்யும் 15 கிராம் பாலும் என்பது சரியான மாற்று. உப்பு போட்ட வெண்ணெய் கேட்டிருந்தால் ஒரு சிட்டிகை உப்பும்.

மார்கழியில் நெய் உறைந்து மணல்மணலாக இருக்கும். அதைக் கப்பில் அமுக்கினால் இடையில் காற்று நிற்கும். உருக்கினால் மட்டம் இறங்கும். கப்பில் அளப்பவர்களுக்குச் சித்திரை நெய்யும் மார்கழி நெய்யும் வேறு வேறு. தராசுக்கு இரண்டும் ஒன்று.

நெய்யும் எண்ணெயும் தண்ணீரைவிட லேசு என்பதை நம்பாதவர்கள் அடுப்படியில் இருக்கும் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். கனஅளவை எடையாக்கும் கணக்கு பலசரக்குக் கடையிலிருந்து மாதந்தோறும் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

கருப்பட்டிக் கேக் அடியில் களியாகப் படிகிறது

எந்த அட்டவணையும் உதவாத பொருள் இது. சிரட்டையில் ஊற்றி வார்த்த உடன்குடிக் கருப்பட்டியைக் குழவியால் தட்டினால் ஒன்று பெரிய சில்லாக, ஒன்று தூளாக விழும். சில்லை நிரப்பினால் கப்பில் பாதி காற்று. தூளை அமுக்கினால் கனம். புதிய கருப்பட்டி இளகி இருக்கும், பழையது கல். ஐப்பசி மழையில் கசிய ஆரம்பித்துவிடும். ஒரு கப் கருப்பட்டி எத்தனை கிராம் என்று என்னைக் கேட்டால், எந்தக் கருப்பட்டி, யார் தட்டியது என்று திருப்பிக் கேட்பேன்.

சீனி 200 கிராம் என்றால் கருப்பட்டியும் 200 கிராம் என்று தொடங்குங்கள். அதோடு வேலை முடியவில்லை. மண் இருக்கும் என்பதால் கரைத்து வடிகட்டியாக வேண்டும். கரைக்கும் தண்ணீர் கேக்குக்குள் போகிறது. களி படிவதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கில் வராத அந்தத் தண்ணீர்தான்.

காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். 310 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கருப்பட்டி 200, தண்ணீர் 100 போட்டு, சிறு தீயில் கரையும் வரை மட்டும் சூடாக்குங்கள். பாகு பதம் பார்க்கத் தேவையில்லை. மெல்லிய துணியில் வடிகட்டும்போது கடைசிச் சொட்டுகளில் பழுப்பு மணல் துணியில் தங்குவது தெரியும். துணியைப் பிழியாதீர்கள், மணலும் சேர்ந்து இறங்கும். பாத்திரத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, வடித்ததை அதிலேயே திரும்ப ஊற்றி நிறுங்கள். 590 காட்டினால் உள்ளே இருப்பது 280. முதலில் போட்டது 300. துணியில் ஒட்டியது, மணலாகப் போனது கொஞ்சம் இருக்கும். மற்றபடி குறைந்த 20 கிராம் ஆவியாகப் போன தண்ணீர். ஆக 80 கிராம் தண்ணீர் மீதியிருக்கிறது. செய்முறையில் பால் 120 கிராம் இருந்தால் 40 மட்டும் ஊற்றுங்கள். கரைசல் கைபொறுக்கும் சூட்டைவிடக் கீழே ஆறிய பிறகே முட்டையோடு சேர்க்க வேண்டும்.

செய்முறையில் பாலே 60 கிராம்தான் என்றால்? தண்ணீரை 50 கிராமாகக் குறைத்துக் கரையுங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் கரையும்.

மக்ரூன் தட்டையாகிறது, அடியில் பாகு கசிகிறது

தூத்துக்குடி மக்ரூனில் முட்டை வெள்ளை, சீனி, முந்திரி மூன்றுதான். மறைத்துக்கொள்ள மாவு கிடையாது. எதில் தப்பினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

'நான்கு முட்டையின் வெள்ளை' என்பது அளவே அல்ல. ஓடு நீக்கினால் 50 கிராம் வரும் முட்டையில் வெள்ளை 30 முதல் 33 கிராம். நாமக்கல் முட்டை பொதுவாக அதற்குச் சற்றுக் கீழே. நாட்டுக்கோழி முட்டை என்றால் ஓடு நீக்கி மொத்தமே 35 கிராம் அளவில் நிற்கும். வெள்ளை குறைந்து சீனி அப்படியே இருந்தால், கரையாத சீனி சூட்டில் உருகி அடியில் பாகாகக் கசிகிறது. வெள்ளையை முதலில் நிறுத்து, கிடைத்த எடைக்கு ஏற்பச் சீனியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். முந்திரியை முழுதாக நிறுத்துப் பொடியுங்கள். பொடித்த முந்திரியைக் கப்பில் அமுக்கினால் எண்ணெய் விட்டு இறுகும். அந்தக் கப்பை எதற்கும் சாட்சியாக வைக்க முடியாது.

பன் கல்லாக இருக்கிறது

மைதாவை 100 என்று வைத்து மற்றவற்றை நிறுங்கள்: தண்ணீர் 60 முதல் 65, உப்பு 2, உடனடி ஈஸ்ட் 1. இதற்குக் கப் கணக்கே வேண்டாம். கல்லுப்பைக் கரண்டியில் அளக்காதீர்கள். கற்களுக்கிடையே இடைவெளி இருப்பதால் தூள் உப்பின் எடை வராது.

பாட்டியின் நோட்டிலிருந்து செய்தால் வரவே மாட்டேன் என்கிறது

நாசரேத், பாளை பக்கத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக்குக்கான பழைய நோட்டுகள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன. மைதா ஒரு ராத்தல், வெண்ணெய் முக்கால் ராத்தல், ஏலம் அரைத் தோலா, திராட்சை இரண்டு உழக்கு என்று ஒரே பக்கத்தில் எடையும் முகத்தலும் கலந்திருக்கும். எடை, அளவைகளை மெட்ரிக் முறைக்கு மாற்றும் சட்டம் 1956-இல் வந்தது, நோட்டுகள் மாறவில்லை.

ராத்தல் என்பது பவுண்டு, 454 கிராம். அதை அரைக் கிலோ என்று எடுத்தால் பத்து சதவீதம் கூடும். எல்லாமே ராத்தலில் இருந்தால் விகிதம் கெடாது; முட்டை மட்டும் பின்தங்கும். தோலா 11.66 கிராம். அவுன்ஸ் இரண்டு வகை: மாவுக்கும் சீனிக்கும் எழுதியிருந்தால் எடை, 28 கிராம் சொச்சம், பிராந்திக்கும் எசன்ஸுக்கும் எழுதியிருந்தால் கனஅளவு.

உழக்குக்கு மட்டும் நான் எண் தர மாட்டேன். நாழிக்கு நான்கு உழக்கு, உழக்குக்கு இரண்டு ஆழாக்கு என்ற விகிதம் மாறாது. ஆனால் நாழி எனப்படும் படியின் அளவு ஊருக்கு ஊர் வேறு. வீட்டில் அந்த உழக்கு இருந்தால் தண்ணீர் ஊற்றி நிறுத்துவிடுங்கள். பிறகு அதே உழக்கில் திராட்சையை அள்ளி நிறுங்கள். குவித்து அளந்தாரா, தலைதட்டி அளந்தாரா என்பதை மட்டும் வீட்டில் வயதானவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிராமில் போட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது

இப்போது தராசைச் சந்தேகப்படலாம். மின்விசிறிக்கு அடியில் வைத்திருந்தால் அகலமான கிண்ணத்தின் மேல் காற்று அழுத்தி எண் ஆடிக்கொண்டே இருக்கும். விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. கீழே துணி விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். பேட்டரி இறங்கியிருந்தாலும் எண் அலையும்.

தராசு சரியா என்று பார்க்கப் படிக்கல் வேண்டாம். பஸ்ஸிலும் கடையிலும் வாங்க மறுத்து, மேசை இழுப்பறையில் குவிந்திருக்கும் பத்து ரூபாய் நாணயங்கள் இருக்குமே, அவற்றுக்கு இப்படி ஒரு மதிப்பு உண்டு. ஒன்று 7.7 கிராம். பத்து நாணயம் 77 கிராம் காட்ட வேண்டும்.

ஒரு கிராம் வரை மட்டும் காட்டும் வீட்டுத் தராசில் பேக்கிங் பவுடர், ஈஸ்ட், உப்பு ஆகியவற்றைச் சிறுகச் சிறுகத் தூவினால் அது கண்டுகொள்ளாமலே இருந்துவிடும். மெல்ல ஏறும் எடையைத் தானாகப் பூஜ்யமாக்கிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. 4 கிராம் போட்டும் 2 என்று காட்டும், நீங்கள் மேலும் போடுவீர்கள். 10 கிராமுக்குக் கீழே வரும் எதையும் அளவுக்கரண்டியிலேயே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கிராமாக்கியே தீருவேன் என்ற பிடிவாதம் இங்கே நஷ்டம்.

டின்னில் வழிகிறது, அல்லது பாதிகூட ஏறவில்லை

எடை எல்லாம் சரி, டின் வேறு. 8 அங்குல வட்ட டின்னுக்கு எழுதியதை 6 அங்குலத்தில் ஊற்றினால் வழியாமல் என்ன செய்யும்? பரப்பு 64-க்கு 36 என்ற விகிதம். பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். எல்லாவற்றையும் 0.56-ஆல் பெருக்குங்கள். மூன்று முட்டை 150 கிராம் என்றால் 84 கிராம் வேண்டும். இரண்டை உடைத்து அடித்து 84 நிறுத்துக்கொண்டு மீதியை ஆம்லெட்டில் சேர்த்துவிடலாம்.

குக்கரில் செய்பவர்களுக்கு 6 அங்குல டின்தான் சாதாரணமாகப் பொருந்தும், அதனால் இந்தக் கணக்கு உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும். ரப்பர் வளையத்தையும் விசிலையும் கழற்றி, அடியில் உப்போ மணலோ பரப்பி, பத்து நிமிடம் காயவிட்ட பிறகே டின்னை உள்ளே வையுங்கள். டின்னில் மாவு மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. மிஞ்சியதைக் குழிக்கிண்ணத்தில் ஊற்றி அடுத்த சுற்றில் வேகவைக்கலாம், ஆனால் காத்திருக்கும்போது பேக்கிங் பவுடரின் வேகம் குறைந்துகொண்டே வரும். கால் மணிக்கு மேல் வைக்காதீர்கள்.